தலையைச் சாய்த்துத் தொட்ட காது

1

என் அக்கா ஸ்டெல்லாவுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். ஜூன் ஒன்றாம் தேதி வருவது பள்ளிக்கூடம் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் வருவது கடவுள் கொடுத்தது. இரண்டு நாளும் குன்னூரிலிருந்து அப்பா எனக்குப் போன் செய்து, "இன்னைக்கு உங்கக்கா பொறந்த நாள், கண்ணு" என்பார். அக்காவுக்குச் செய்ய அவரிடம் நம்பர் கிடையாது. எங்கள் யாரிடமும் கிடையாது. முப்பது வருஷம் ஆகப் போகிறது.

மற்ற நாட்களிலும் அப்பா கூப்பிடுவார். சியாட்டில் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்த ஊரில் அப்போது சாயங்காலம் ஐந்து மணி. குன்னூரில் விடிந்தும் விடியாத நேரம். அவர் கேட்பது ஒரே கேள்விதான். "புள்ள வந்துருச்சா?" புள்ள என்பது என் மகள் அனிட்டா. பதினாறு வயது. வந்துவிட்டாள் என்று சொன்னால்தான் அவர் எழுந்து வெந்நீர் போடுவார்.

இந்த வருஷம் அந்த அக்டோபர் போன் வந்த வாரத்திலேயே இன்னொரு போனும் வந்தது. வேலையில் இருந்ததால் எடுக்கவில்லை. செய்தி விட்டிருந்தார்கள். "அனிட்டாவுக்கு வணக்கம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நீங்கள் வரவேண்டியிருந்தது, வரவில்லை. தயவுசெய்து கூப்பிடுங்கள்." நம்பர் அவள் கல்லூரியினுடையது. எங்கே வரவேண்டும், எதற்கு வரவேண்டும், ஒன்றும் இல்லை. சேர்க்கும்போது விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தோம், அதனால் தவறிப்போய் என்னிடம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் மூன்று மணிக்கு அவளுக்கு வேதியியல் வகுப்பு என்றல்லவா நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்?

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று விளங்கச் சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகக் கல்லூரிக்கே போய்ப் படிக்கலாம். இரண்டு வருஷத்தில் பள்ளிச் சான்றிதழும் கிடைக்கும், பாதிக் கல்லூரியும் முடிந்துவிடும். என் மகள் கெட்டிக்காரி, சேர்ந்துவிட்டாள். அன்று குன்னூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போட்டோ அனுப்பினேன். வாழ்த்துகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"என் மகளுக்கு என்ன அப்பாயின்ட்மென்ட் என்று தெரிய வேண்டும்."

"மன்னிக்கவும். மாணவியின் தகவல்களை நாங்கள் சொல்ல முடியாது" என்றது ஒரு இளங்குரல்.

"அவளுக்குப் பதினாறு வயதுதான். மைனர்."

"புரிகிறது. ஆனால் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த உரிமை மாணவிக்குப் போய்விடுகிறது. வயது கணக்கில்லை."

வயது கணக்கில்லையாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இதே பெண் கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் கல்லூரி பொறுப்பல்ல என்று முதல் நாள் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் காரோட்டப் பழக என் கையெழுத்து வேண்டும். காது குத்த வேண்டுமானால்கூட என் கையெழுத்து வேண்டும். வகுப்புக்கு வந்தாளா வரவில்லையா என்று கேட்க மட்டும் நான் யாரோ எவரோ. இதையெல்லாம் என் ஓட்டை ஆங்கிலத்தில் கொட்டினேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் முதலில் ஓடிவிடும். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மகளிடமே கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

கேட்கத் தெரியாமலா இருக்கிறேன்? கேட்டுவிட்டுத்தான் போன் செய்தேன். "செவ்வாய்க்கிழமை வகுப்பு எப்படிப் போச்சு?" என்று முந்தின நாள் கேட்டபோது, அனிட்டா தட்டைப் பார்த்தபடி, "நல்லா போச்சும்மா" என்றிருந்தாள்.

அதே குரலில், அதே மாதிரி தட்டைப் பார்த்தபடி பேசிய இன்னொருத்தியை எனக்குத் தெரியும்.

3

அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. அம்மா இலை பறிக்கப் போவார். அக்கா பிறந்து மூன்றரை வருஷம் வரை எஸ்டேட்டின் பிள்ளை மடுவத்தில் விட்டுப் போனார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா படுத்த படுக்கையானதும் மடுவத்தை மூடிவிட்டார்கள். மூன்றே முக்கால் வயதுப் பெண்ணை எங்கே விடுவது? அப்பா நேராக எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்போதெல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வாங்கினார்கள்? வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. அவ்வளவுதான் சான்றிதழ். அக்காவுக்கு எட்டவில்லை. அப்பா குனிந்து அவள் காதில், "தலையக் கொஞ்சமா சாச்சுக்க, சாமி" என்றார். சாய்த்தாள். விரல் நுனி காதைத் தொட்டது. பெரிய வாத்தியார் சிரித்துக்கொண்டே, "சரிங்க, ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கறேன்" என்று எழுதினார். ஒரு வருஷம் அஞ்சு மாசம் அந்த இடத்திலேயே அவளுக்குக் கூடிப் போனது.

எங்கள் வீட்டில் இது வெகுநாள் வரை சிரிப்புக் கதை. விருந்தாள் வந்தால் அப்பா நடித்தே காட்டுவார். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடுவாள். அப்படிச் செய்யாத வீடு எங்கள் லயத்தில் இல்லை. என் தேதியும் நிஜமில்லை, நாலு மாசம் கூட. அது வேறு கதை.

அக்கா நன்றாகப் படித்தாள். பன்னிரண்டு முடித்து ஊட்டியில் கல்லூரிக்குப் போனபோது சான்றிதழ்படி பதினேழு. நிஜத்தில் பதினாறுகூட ஆகவில்லை. லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

4

இரண்டாம் வருஷம் ஆரம்பித்த மறுமாதம், ஜூலையில் ஒரு சாயங்காலம் அக்கா திரும்பி வரவில்லை.

சோலூரிலிருந்து காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்குப் போகும் வேனின் டிரைவர் சிவா. இருபத்திரண்டு வயது. அவனோடு போய்விட்டாள். அவன் நல்லவனா கெட்டவனா என்று எங்களில் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அப்பா கல்லூரிக்குப் போனார். ஒரு மாதமாகவே மதியத்துக்கு மேல் வருவதில்லை என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "காலேஜுக்கு வர்ற பிள்ளைங்க பெரியவங்கதானுங்க, வீட்டுக்கெல்லாம் எழுதுறதில்லீங்க" என்றாராம் அங்கிருந்த கிளார்க். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். நானும் கூடப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது. அப்பா என் கையைப் பிடித்திருந்தாரா, நான் அவர் கையைப் பிடித்திருந்தேனா, நினைவில்லை.

இன்ஸ்பெக்டர் சான்றிதழைப் பார்த்தார். "ஏனுங்க, பதினெட்டு முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்களே. மேஜருங்க. அவிங்க இஷ்டம். நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுங்க."

"அது நான் பொய் சொல்லி எழுதினதுங்க, சார். புள்ளைக்குப் பதினேழே ஆகலீங்க."

"அப்ப நிஜத் தேதிக்கு என்ன ருசுவுங்க இருக்குது?"

அப்பாவிடம் ஒன்றும் இல்லை. தலை குனிந்து வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

இப்போது சொல்லப் போவதை இதுவரை நான் எழுதியதில்லை. அந்த மாதம் எனக்கு மாதா கோவிலில் உறுதிபூசுதல் என்ற சடங்கு. அதற்காக ஞானஸ்நானச் சான்று வாங்க ஒரு வாரம் முன்புதான் பங்குச் சாமியாரிடம் போயிருந்தேன். அவர் பெரிய ரிஜிஸ்தரைப் புரட்டியபோது, என் பெயருக்குப் பல பக்கம் முன்னால் அக்காவின் பெயரையும் பார்த்திருந்தேன். பிறந்த தேதி, ஞானஸ்நானம் கொடுத்த தேதி, இரண்டும் நீல மையில்.

"அப்பா, கோயில் ரிஜிஸ்தர்ல அக்காவோட நெசத் தேதி இருக்குதுப்பா" என்றேன்.

அப்பா என்னைத் தூக்கி முத்தம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த ஒரு தாளில் எல்லாம் மாறியது. அக்கா மைனர் ஆனாள். சிவா மைனர் பெண்ணைக் கடத்தியவன் ஆனான், ஜெயிலுக்குப் போனான். மேட்டுப்பாளையத்தில் ஒரு வாடகை அறையிலிருந்து அக்காவை அழைத்து வந்து மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தினார்கள். யாருடன் போகிறாய் என்று கேட்டார். சிவாவுடன் என்றாள். அது முடியாது, அப்பாவுடன் போகிறாயா என்றார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். "இவர் கூடப் போக மாட்டேங்க" என்றாள். அப்படியென்றால் பதினெட்டு முடியும் வரை கோயமுத்தூரில் பெண்கள் காப்பகம் என்று எழுதினார். பதினைந்து மாதம்.

அப்பா ஜெயித்துவிட்டார். ஊரே வந்து சொன்னது.

5

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், கல்லூரி அலுவலகத்துப் பெண் போனை வைக்கும் முன் ஒன்று சொல்லியிருந்தாள். வருமான வரிப் படிவத்தில் மகளை உங்களைச் சார்ந்தவர் என்று காட்டியிருந்தால், அந்தப் படிவத்தை நேரில் கொண்டு வாருங்கள். மாணவியின் சம்மதம் இல்லாமலே சில விவரங்களைக் காட்ட எங்களுக்கு அனுமதி உண்டு, மேலதிகாரி முடிவு செய்வார் என்றாள்.

ஒரு தாள். டிராயரில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் வெளியூர். போனில் சொன்னேன். "விடு பிலோ, நம்ம புள்ளதானே" என்றார். இந்த ஆம்பளைகளுக்கு விடச் சொல்வது எவ்வளவு சுலபம். நான் விடவில்லை. அவள் துணி துவைக்கப் போடும்போது பையைத் துழாவினேன். தலையணைக்கு அடியில் பார்த்தேன். கர்ப்பமோ, கஞ்சாவோ, ஏதாவது வேன் டிரைவரோ, கையை அறுத்துக்கொள்கிறாளோ என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடியது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், ரத்தம் எடுக்கும் பிரிவில். இந்த மாநிலத்தில் பதின்மூன்று வயது ஆனாலே சில சிகிச்சைகளுக்குப் பெற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க" என்று தினம் யாராவது ஒரு தாயை நான்தான் அனுப்புகிறேன். அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இப்போதுதான் புரிகிறது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். படிவத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மழை. கல்லூரியைச் சுற்றி ஊசியிலை மரங்கள், அவற்றுக்கு நடுவே பஞ்சு மாதிரி மேகம் இறங்கி நின்றது. குன்னூர்ப் பக்கத்து வெலிங்டன் ரோட்டில் நிற்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

கவுன்டரில் வெள்ளை முடிக்காரப் பெண்மணி. தாளை வாங்கிப் படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்கள் இங்கே வந்திருப்பது மாணவிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"சட்டப்படி தெரிய வேண்டியதில்லை. சும்மாதான் கேட்டேன். கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்லித் தாளோடு உள்ளே போனார்.

உட்கார்ந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தேன்.

6

அக்காவின் நிஜமான பதினெட்டாவது பிறந்தநாள் காலையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கோயமுத்தூருக்கு முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். வழியில் பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். அப்பா டீயை வாங்கிக் கையில் வைத்திருந்து ஆறியதும் கீழே ஊற்றினார். அம்மா மடியில் ஒரு புது ஸ்வெட்டர், மஞ்சள் நிறம். குளிருக்குப் பழகின பிள்ளை, கோயமுத்தூர் வெயிலில் இத்தனை நாள் இருந்துவிட்டு மேலே வந்தால் குளிருமே என்று அம்மா ராவெல்லாம் பின்னியிருந்தார்.

காப்பகத்தின் வாசலில் பத்து மணி வரை நின்றோம். கதவு திறந்தது. அக்கா ஒரு துணிப்பையோடு வந்தாள். முடியை வெட்டியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அம்மா ஸ்வெட்டரை நீட்டினார். அக்கா அதைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"ஊட்டுக்குப் போலாம், சாமி" என்றார் அப்பா.

அக்கா பையைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டாள். முழு உள்ளங்கையும் காதை மூடியது.

"இப்ப எட்டுதுப்பா" என்றாள். "தலையச் சாய்க்காமயே எட்டுது."

பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். ரிஜிஸ்தரைப் பற்றிச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா, இன்று வரை எனக்குத் தெரியாது. எதிரே நின்ற டவுன் பஸ்ஸில் ஏறினாள். அப்பா ஓடவில்லை. எந்தத் தாளைக் காட்டி ஓடுவார்?

சிவா அதற்குள் ஜாமீனில் வந்து, வீட்டில் பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தான். அக்கா அவனிடம் போகவில்லை. தோழிகளிடம் போகவில்லை. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. திருப்பூரில் பார்த்தேன், கொச்சியில் பார்த்தேன் என்று வந்தவர்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் அப்பா போய் வந்தார். அம்மா அந்த ஸ்வெட்டரை வைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நானும் இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. கடையில், ரயிலில், என் நாற்காலியில் ரத்தம் கொடுக்க உட்காரும் வரிசையில், நம் ஊர் ஜாடையில் ஐம்பதைத் தொடும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது அவள் இடது காதுக்குத்தான்.

7

வெள்ளை முடிக்காரப் பெண்மணி திரும்பி வந்தபோது நான் கவுன்டரில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கையில் இரண்டு மூன்று தாள்கள் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. "மேலதிகாரி சம்மதித்துவிட்டார்" என்றார்.

"என் படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள், போதும்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொடுத்தார். கார் வரைக்கும் வருவதற்குள் நூறு தடவை என்னையே திட்டிக்கொண்டேன். அடி பைத்தியக்காரி, கைக்கு எட்டினதை விட்டுவிட்டு வருகிறாயே, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. எனக்குத் தெளிவெல்லாம் ஒன்றும் பிறந்துவிடவில்லை.

அன்று சாயங்காலம் அனிட்டாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தவறி வந்த போன் செய்தி, பையைத் துழாவியது, கவுன்டர், எல்லாம். அவள் முகம் சிவந்தது. எழுந்து போகப் பார்த்தாள். "இன்னும் இருக்கு" என்று அக்காவின் கதையைச் சொன்னேன். பெரியம்மா ஒருத்தி இருந்தாள் என்பது மட்டும்தான் அவளுக்கு அதுவரை தெரியும். காதைத் தொடும் இடத்தில் அவள் கை தானாகவே தலைக்கு மேலே போய்விட்டுக் கீழே இறங்கியது.

"பெரியம்மாகிட்ட யாராவது கேட்டாங்களா? அவங்களுக்கு என்ன வேணும்னு?" என்றாள். இங்கே பிறந்த பிள்ளையின் மழலைத் தமிழ்.

"கேட்டாங்க. மாஜிஸ்ட்ரேட்டே கேட்டார். சொன்னா. மைனர்னு எழுதிட்டாங்க."

அனிட்டா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை எங்க போறேன்னு இப்ப சொல்லணுமா?"

வேணும், வேணும் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். "வேண்டாம்" என்றேன். "உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லு."

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள். இந்தத் தடவை தட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையிலேயே, "நாலரைக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலரைக்கு வரவில்லை. நாலே முக்காலுக்கும் வரவில்லை. நான் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். படிவம் டிராயரில் இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது கதவு திறந்தது. நனைந்த ஷூவைக் கழற்றினாள். போன பார்சலில் ஊரிலிருந்து வந்த வர்க்கி பிஸ்கட் டப்பாவைத் திறந்து நின்றபடியே தின்றாள். எங்கே போனாள், என்ன ஆயிற்று, ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"புள்ள வந்துருச்சா?"

"வந்துட்டாப்பா."

"இம்புட்டு நேரம் எங்க போயிருந்துச்சு?"

"கேக்கலப்பா."

அந்தப் பக்கம் அப்பா இருமினார். பிறகு, "கேக்காத கண்ணு" என்றார். "உங்கக்காளோட ஒரு வருசம் அஞ்சு மாசத்த நான் ரெண்டு தடவ எடுத்துக்கிட்டேன். மொதல்ல பள்ளிக்கூடத்துக்கு. அப்பறம் எனக்கு."

முப்பது வருஷத்தில் அவர் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. அனிட்டா வர்க்கித் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு, போன் பக்கம் குனிந்து தாத்தாவைக் கூப்பிட்டாள்.

"அப்பிச்சி, நான் வந்துட்டேன்" என்றாள்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. குன்னூரில் அவர் எழுந்து வெந்நீருக்குத் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.